கோதண்டனுக்குக் கிடைக்கக் கூடாது

பிப்ரவரி 2, 1960, செவ்வாய்

பனி. மலை தெரியவில்லை. மெஸ்ஸில் பெசரட்டு. பச்சைப்பயறில் வார்ப்பது, தோசையும் அல்ல, அடையும் அல்ல. இங்கே வந்து இரண்டாவது வருஷம், இன்னும் நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கோ. ரசித்துத் தின்றான்.

புது டைரி. பழையதை எலி கடித்துவிட்டது. ஆகையால் ஒரு தடவை எழுதி வைக்கிறேன். கோ. என்றால் கோதண்டன், என் அறைக்காரன். மூன்றாம் ஃபாரத்திலிருந்து ஒரே பெஞ்ச். பாலசமுத்திரம் பக்கத்தில் ஒரு ஏரி. அதற்கு இந்தாண்ட எங்கள் ஊர், அந்தாண்ட அவன் ஊர். பு. என்றால் புரொபசர். சு.ரெ. என்றால் பக்கத்து அறை சுப்பாரெட்டி, கடப்பைக்காரன், சத்தமாகச் சிரிப்பவன். மற்றவர்களுக்குச் சுருக்கம் வேண்டாம். அவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

லேப். நண்டின் இதயத் துடிப்பு. உருளையில் கரி பூசிய காகிதம். நண்டின் ஓட்டைத் திறந்து இதயத்தில் கொக்கி, கொக்கியில் நூல், நூலின் முனையில் ஊசி. இதயம் துடிக்கத் துடிக்க ஊசி கரியில் கோடு போடும். என் நண்டு கொஞ்சம் துடித்துவிட்டுச் செத்தது. காகிதத்தில் என் கட்டைவிரல் ரேகைதான் தெளிவாக விழுந்திருந்தது. கோ.வின் நண்டு மத்தியானம் வரைக்கும் துடித்தது. பு. அவன் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு, "சூடண்டி, சூடண்டி" என்று ஒவ்வொருவரிடமும் காட்டினார். நானும் பார்த்தேன். அச்சடித்தது போல இருந்தது.

இரண்டு நண்டும் ஒரே ஏரி நண்டு. ஈரக் கோணியில் கட்டி, நகரியில் ரயில் ஏற்றிக் கொண்டுவந்தது நான். அதை யார் கேட்கிறார்கள்.

பிப்ரவரி 3, புதன்

பு. வகுப்பில் சொன்னார். நம் டிபார்ட்மெண்டுக்கு இந்த வருஷம் ஒரே ஒரு ஆராய்ச்சி ஸ்காலர்ஷிப். மாநில அரசு கொடுப்பது. ஜூலையில் ஆரம்பம். கிடைத்தவன் இங்கேயே இருக்கலாம். தனி மேஜை, தனி விளக்கு, லேப் சாவி.

கிடைக்காதவன் ஊருக்குப் போகலாம். நைனா கரும்பு நட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார். பெண்ணும் பார்த்து வைத்திருப்பதாகக் கேள்வி.

எனக்கு வேண்டும். இவ்வளவு ஆசையாக எதையும் நான் கேட்டதில்லை. லேப் சாவி என் சட்டைப் பையில் கிடப்பதாக நினைத்துப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

வகுப்பில் எல்லோரும் திரும்பிக் கோ.வைப் பார்த்தார்கள். என்னை ஒருவனும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 5, வெள்ளி

சோப்பு வாங்க வேண்டும். செருப்பு வார் அறுந்துவிட்டது.

பு. கோ.வைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திரும்பி வந்தவன் காதோடு சொன்னான்.

"தொர, எம் பேரைத்தான் அனுப்பறாராம். யார்கிட்டயும் சொல்லாத, இன்னும் கெட்டியாவல."

"ரொம்ப சந்தோஷம்டா" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. பிறகு கக்கூசுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தெலுங்கும் அவனுக்குத்தான் வருகிறது. சு.ரெ.யோடு கடப்பைக்காரன் மாதிரியே பேசுகிறான். நான் வாயைத் திறந்தால் "அரவம்", அதாவது தமிழ்க்காரன், என்று சிரிக்கிறார்கள். அவனும் அரவம்தானே. அவனைப் பார்த்து ஒருவனும் சிரிப்பதில்லை. முடிகூட அவனுக்கு அடர்த்தி. எழுதினால் சின்னத்தனமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

பிப்ரவரி 6, சனி

மலைக்கு நடந்தே போனோம், நானும் கோ.வும். சனிக்கிழமை, கூட்டம். படியெல்லாம் மஞ்சளும் குங்குமமும். அவன் முன்னால் ஏறினான், நான் பின்னால் இரைத்துக்கொண்டு. வழியில் மொட்டைத் தலைகள் இறங்கி வந்துகொண்டிருந்தன. வேண்டுதல் பலித்த தலைகள். ஒவ்வொரு மொட்டையைப் பார்த்தபோதும், இவன் என்ன கேட்டு வாங்கினானோ என்று எனக்கு எரிச்சல்.

பெருமாள் சந்நிதியில் நெருக்கித் தள்ளினார்கள். கோ. என் தோளோடு தோளாக நின்று கண்ணை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை. நேராகப் பார்த்துக் கேட்டேன். எனக்குக் கொடு என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

கோதண்டனுக்குக் கிடைக்கக் கூடாது. கிடைக்காமல் போனால் மொட்டை போடுகிறேன்.

வெளியே வந்து லட்டு தின்றோம். அவன் பாதியைப் பிட்டு எனக்குக் கொடுத்தான். வாங்கித் தின்றேன்.

பிப்ரவரி 7, ஞாயிறு

துணி துவைத்தேன். கால் வலி. நேற்று வேண்டியதை நினைத்தால் கூசுகிறது. ஆனால் திரும்பப் போய் இல்லை என்று சொல்லிவிட்டு வரவும் மனம் இல்லை.

பிப்ரவரி 21, ஞாயிறு

ஊரில் இரண்டு நாள். வெல்லம் காய்ச்சுகிற காலம், ஊர் முழுக்கப் பாகு வாசனை. அம்மா நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். வயிறு வெடிக்கத் தின்றேன். பெசரட்டுக்குப் பழி.

நைனாவோடு ஏரிக்கரையில் நடந்தேன். இப்போது இரண்டு ஊரும் ஆந்திரா. எல்லை மாற்றத்தால் ஏப்ரலிலிருந்து கோ. ஊர் மெட்ராஸ் மாநிலம், எங்கள் ஊர் ஆந்திராவிலேயே. எல்லைக் கல் கரைமேல் எங்கே நடுவார்கள் என்று நைனா காட்டினார்.

"அவனுங்க இன்னா ஒஸ்தி? நாமளும்தான் மெட்ராசோட சேரணும்னு கொடி புடிச்சோம், பஸ்ஸை மறிச்சோம், லாரி ஏறி ஜெயிலுக்குப் போனோம். அவன் ஊரு அந்தாண்ட போவுது, நம்ம ஊரு இங்கியே நின்னு போச்சி."

"எல்லாம் ஒண்ணுதான் நைனா."

"உனுக்கு ஒண்ணுதான். நாளைக்கி அவன் பத்திரம் தமிழ்ல எழுதுவான். நான் எவனையாவது கூப்ட்டு இன்னா எழுதிருக்குதுன்னு கேட்டுக்கினு நிக்கணும்."

காறித் துப்பினார். துப்பியது அந்தாண்ட பக்கம் போய் விழுந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வயிற்றெரிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 24, புதன்

கோ. இப்போதே லேப்பில் ஜன்னலோர மேஜையைத் துடைத்து வைத்திருக்கிறான். "ஜூலைல இங்க உக்காந்துக்கினா காத்து நல்லா வரும்" என்கிறான். நீயும் அடிக்கடி வந்து போ என்கிறான். விருந்தாளி மாதிரி.

பரீட்சைக்குப் படிக்க வேண்டியவை: மீனின் சிறுநீரகம், தவளையின் மூளை நரம்புகள், பாம்பின் மண்டையோடு. ஒன்றும் ஏறவில்லை.

மார்ச் 2, புதன்

வெயில் ஆரம்பம். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது.

கோ.வை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். ஸ்காலர்ஷிப்புக்குத் தாசில்தாரிடமிருந்து ஊர்ச் சான்று வேண்டுமாம், இந்த மாநிலத்துக்காரன் என்று. கோ. தாலுகா பெயரைச் சொன்னான். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏப்ரல் நுஞ்சி மீரு மெட்ராஸ் வாள்ளு காதா, பாபு?"

ஏப்ரலிலிருந்து நீங்கள் மெட்ராஸ்காரர்கள் அல்லவா என்று. மனிதர் அன்பாகத்தான் கேட்டார். ஸ்காலர்ஷிப் ஜூலையில். ஊர் மாறுவது ஏப்ரலில். இவ்வளவு நாள் எங்கள் இரண்டு பேருக்குமே இது உறைக்கவில்லை. எல்லைக்காகக் கத்திய வாய்கள், கோடு போட்டால் அது நடு வயிற்றின் மேலேயும் போகும் என்று யோசிக்கவில்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். நான் ஒரு சுள்ளியைப் பொடிப்பொடியாக ஒடித்துக்கொண்டிருந்தேன். அவன் என் கையைப் பார்த்துவிட்டு, "நீ ஏண்டா இப்டி ஆயிட்ட? நான் பாத்துக்கறேன் வுடு" என்றான்.

மார்ச் 7, திங்கள்

பு. எவ்வளவோ எழுதிப் பார்த்தாராம். முடியாது என்று வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார். அடுத்த மதிப்பெண் என்னுடையது. எங்கள் ஊர் ஆந்திரா. சான்று வாங்கி வா என்றார்.

கிடைத்துவிட்டது. எனக்கு.

ஆனால் பு. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜன்னலோர மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கோதண்டம் சேயி மஞ்சிதி" என்றார், கை நல்ல கை என்று. எனக்குக் கொடுக்கும்போதுகூட அவனைத்தான் புகழ வேண்டியிருக்கிறது.

மார்ச் 8, செவ்வாய்

நாள் முழுக்க இதே யோசனை. எல்லை முடிவானது எப்போது? எப்போதோ பேப்பரில் வந்துவிட்டது. நான் வேண்டிக்கொண்டது போன மாதம். ஆகவே நான் காரணம் இல்லை. தர்க்கம் சரி.

ஆனால் பெருமாளுக்கு முன்னே பின்னே என்று உண்டா? துரைசாமி என்று ஒரு பொறாமைக்காரன் வந்து இப்படிக் கேட்பான் என்று தெரிந்து முன்னாலேயே ஏற்பாடு செய்திருந்தால்? ஒருத்தனுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காக ஒரு தாலுகாவையே பெயர்த்து மெட்ராசில் வைத்திருந்தால்?

பைத்தியக்காரத்தனம். எழுதிப் படித்தால் எனக்கே தெரிகிறது. ஆனால் மொட்டை பாக்கி. அதில் சந்தேகம் இல்லை. பரீட்சைக்கு முன்னால் தீர்த்துவிட வேண்டும். தனியாகப் போக வேண்டும்.

மார்ச் 13, ஞாயிறு

கோ.வின் அம்மா வந்திருந்தார்கள், மலைக்குப் போகிற வழியில். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவது. வேர்க்கடலை உருண்டை ஒரு தூக்கு நிறைய. அவன் விஷயம் தெரிந்து அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். சான்று வாங்கப் போன இடத்தில் தாசில்தார் என்னை எப்படிக் காக்க வைத்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தொர, நல்லாருப்பா நீ. கோதண்டன் சொன்னான். சாமி முன்னாடி நின்னுக்கினு எம் புள்ள பேரைச் சொல்லி வேண்டிக்கினியாமே. கூடப் பொறந்தவன் செய்ய மாட்டான்."

நான் கோ.வைப் பார்த்தேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, "காதுல வுழுந்துச்சிடா. நீ வாய்க்குள்ள சொன்னது எம் பேரும் மொட்டையும் மட்டும். நான் கண்ண மூடிக்கினு இருந்தேனே தவிர காத மூடல" என்றான்.

"நடக்காட்டி போவுது. வேண்டிக்கினியே, அதுவே போதும்" என்றார்கள் அத்தை. உருண்டையை என் வாயில் ஊட்டினார்கள். மென்றுகொண்டே நின்றேன்.

ஸ்காலர்ஷிப் எனக்கு. ஆனாலும் பார், தோற்றவனுக்கு அம்மா வருகிறாள், உருண்டை வருகிறது, நண்பன் மேல் சந்தேகமே இல்லாத ஒரு மனசு இருக்கிறது. அந்த மனசைப் பார்த்தால்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக எரிகிறது. எனக்கு அது ஒரு நாளும் வராது.

மார்ச் 18, வெள்ளி

நாளைக்குத் தனியாகக் கிளம்பிவிடலாம் என்று சட்டை துண்டு எடுத்து வைத்தேன். கோ. பார்த்துவிட்டான். மலைக்கா, நானும் வர்றேன் என்றான். படிக்கிற வேலையைப் பாரேன் என்றேன். "பாடம் எங்க போவுது" என்றான்.

மார்ச் 19, சனி

எழுதிவிட வேண்டும். நாளைக்கு என்றால் மாற்றி எழுதுவேன்.

படி ஏறினோம். அவன் பேசிக்கொண்டே வந்தான். மெட்ராசில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறானாம், கடல் பக்கம், நண்டுக்குப் பஞ்சமில்லை என்றான். மேலே போனதும் நான் மொட்டை போடுகிற கட்டடத்தின் பக்கம் திரும்பினேன்.

"இன்னாடா, நெசமாவே போடப் போறியா?"

"ஆமா."

"எனக்குக் கெடச்சா போடறேன்னுதானே வேண்டிக்கினே? கெடைக்கலியே. சாமிக்கும் உனுக்கும் ஒண்ணும் பாக்கி இல்ல. வா, போலாம்."

வரிசையில் போய் நின்றேன். சட்டையைக் கழற்றினேன். அவன் வாங்கிக்கொண்டான். எனக்கு முன்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. என் முறை வந்தது. நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்து, "தல வஞ்சு பாபு" என்று குனிய வைத்தார். கோ. விடவில்லை. நாவிதரிடமே தெலுங்கில் சொன்னான், இவன் எனக்காக வேண்டிக்கொண்டான், அது நடக்கவில்லை, நடக்காததற்கு மொட்டை போடலாமா, நீங்களே சொல்லுங்கள் என்று. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல ஸ்நேகிதம் என்றாள் ஒரு கிழவி.

அந்த வார்த்தைதான் தாங்கவில்லை.

"நடந்துச்சிடா" என்றேன், குனிந்தபடியே.

"இன்னா நடந்துச்சி?"

"வேண்டிக்கினது நடந்துச்சி. உனுக்குக் கெடைக்கல இல்ல. அதான்."

அவன் சிரித்தான் முதலில். கேலி செய்கிறேன் என்று நினைத்தான். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் கால் மட்டும் எனக்குத் தெரிந்தது. சிரிப்பு நின்றது. கால் அசையவில்லை. கத்தி ஓட ஆரம்பித்தது. மடியில் முடி விழுந்தது, ஈரமாக, கொத்துக் கொத்தாக. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது கால் இல்லை.

முடிந்து எழுந்தேன். சட்டையும் துண்டும் பக்கத்துச் சுவர்மேல் இருந்தன. மடித்து வைத்திருந்தான். கசக்கி எறிந்துவிட்டுப் போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

குளத்தில் முழுகினேன். தலையில் சந்தனம் பூசிக்கொண்டேன். சந்நிதியில் ஒன்றும் கேட்கவில்லை. தனியாக இறங்கினேன். வெயில் மொட்டைத் தலையில் நேராக இறங்கியது.

மார்ச் 20, ஞாயிறு

பக்கத்து அறைக்குப் போய்விட்டான், சு.ரெ.யோடு. நான் மெஸ்ஸில் இருந்தபோது படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறான். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது, பரீட்சைக்குப் படிக்கச் சௌகரியம் என்று எல்லோரிடமும் காரணம் சொல்லியிருக்கிறான். யாரிடமும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. விசாரித்துப் பார்த்தேன். சொல்லவே இல்லை.

நானாக இருந்தால் ஹாஸ்டல் முழுக்கச் சொல்லியிருப்பேன். வார்டனிடம்கூட.

மார்ச் 23, புதன்

பையன்கள் என் தலையைத் தடவிவிட்டுப் போகிறார்கள். ஸ்காலர்ஷிப் வேண்டுதல்தானே என்கிறார்கள். பு.வும் அதையே கேட்டார். ஆமாம் சார் என்றேன்.

நைனாவுக்கு எழுதியிருந்தேன். பக்கத்து ஊர் கணக்கப்பிள்ளையிடம் பதில் எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். "அவனுங்க ஊரு போனதில நமக்கு இதாவது மிச்சம்" என்று. சந்தோஷமாகத்தான் இருக்கிறார்.

கிணற்றடியில் கோ. எதிரில் வந்தான். நான் நின்றேன். அவன் நிற்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. அறிமுகமில்லாதவனுக்கு வழி விடுகிற மாதிரி ஓரமாக ஒதுங்கிப் போனான். கோதண்டா என்று கூப்பிட்டேன். கேட்டிருக்கும்.

மார்ச் 27, ஞாயிறு

தலையில் முள் முள்ளாக முளைக்கிறது. தலையணையில் ஒட்டிக்கொள்கிறது. மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்து அறைக் கதவுவரை போனேன். உள்ளே தவளையின் நரம்புகளை அவன் சு.ரெ.க்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். நிதானமாக, ஒவ்வொன்றாக. எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான். திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 1, வெள்ளி

வெயில் கடுமை. காற்றே இல்லை.

இன்றிலிருந்து கோ. வேறு மாநிலம். அவன் ஊரில் மேளம் வைத்துக் கொண்டாடுகிறார்களாம். மெஸ்ஸில் சு.ரெ. எழுந்து நின்று, "மெட்ராஸ் தொரகாரு" என்று அவனுக்குப் பெரிய கும்பிடு போட்டான். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். கோ.வும் சிரித்தான். நான் கடைசி மேஜையில்.

பு. லேப் சாவி கொடுத்தார். ஜூலைவரை காத்திருக்க வேண்டாம், இப்போதே வைத்துக்கொள் என்றார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கனமாக இருக்கிறது.

மத்தியானம் படிக்க உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தாண்ட பேச்சுச் சத்தம். கோ. ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். சு.ரெ. விழுந்து விழுந்து சிரித்தான். கதை எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுச் சுவரில் காதை வைத்தேன். இந்த மாதம் முழுக்க சு.ரெ.க்கு அவன்தான் அறைக்காரன்.

இப்போது எனக்கு அந்தக் கடப்பைக்காரன் மேல்தான் பொறாமை.